பெயரை மட்டும் மாற்றவில்லை

ஜூலை 4, 2008

இதை யார் எடுத்திருந்தாலும், அம்மாவாகவே இருந்தாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கும் பழைய கொஸ்டின் பேப்பர் கட்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. போகாதே என்ற இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான்.

பிசிக்ஸ் டெஸ்ட்டில் பாதி மார்க் கூட வரவில்லை. அப்பா கத்தவில்லை. கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்திவிட்டு, "ப்ளஸ் டூ முடியற வரைக்கும் இது ஆத்துல இருக்கறதாவே நினைச்சுக்காதே" என்றார். அப்படியானால் அண்ணாவின் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது? அதை அவரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

ஸ்ரீகர் அண்ணா காலேஜில் படிக்கும்போது செய்த இணையப் பக்கம் அது. மனிதர்கள் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. மற்றவர்களுடைய புரோகிராம்கள் வந்து ஒரு தேதியைக் கொடுத்தால், அந்த நாளின் திதி, அது முடியும் நேரம், நட்சத்திரம் என்று பதில் கொடுக்கும். ஏபிஐ என்பான். 'திதி', 'நட்சத்திரம்' என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பதில் வரும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாசியில் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தான். பக்கத்துக்கு வரும் மெயிலையும் நான்தான் பார்க்க வேண்டும். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "இருக்கற பேர் எதையும் எடுக்காதே, மாத்தாதே மானு. யாரோ அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டுண்டிருப்பா. வேணும்னா புதுசா ஒண்ணு சேர்த்துக்கோ."

இன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் பெருமாள் கோயிலுக்குப் போனபின் வேஷ்டியை விலக்கினேன். ஒரு மெயில். வாலாஜாபாத்தில் பஜனை மன்றம் நடத்தும் பரசுராமன் என்பவர். ஆடி மாதத்துத் தேய்பிறை ஏகாதசி எங்கள் பக்கத்தில் ஜூலை 28 என்று வருகிறதாம், காலண்டரில் 29 என்று இருக்கிறதாம். விரத நோட்டீஸ் அடிக்க வேண்டும், சீக்கிரம் சரி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்.

சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அண்ணாவின் கணக்கைத் திறந்தால், திதி பார்க்கும் இடத்தில் 13.30 என்று நேரம் போட்டிருக்கிறான். மத்தியானம் ஒன்றரை! நாள் ஆரம்பிப்பது சூரிய உதயத்தில் அல்லவா? அமெரிக்கா நேரம், நம் நேரம் என்று எதையோ குழப்பியிருப்பான் என்று நினைத்தேன். 6.00 ஆக்கினேன். எல்லாத் தேதிகளும் காலண்டரோடு ஒத்துப்போயின.

பெயரைத் தொடவில்லை. 'திதி' என்ற பெயர் அப்படியேதான் இருக்கிறது. அண்ணா சொன்னதை மீறவில்லை.

ஜூலை 6

பரசுராமன் நன்றி சொல்லியிருக்கிறார். "ஸ்ரீகர் சாருக்கு" என்று ஆரம்பிக்கிறது கடிதம். சார்! அண்ணாவுக்குத் தெரிந்தால் சிரிப்பான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அண்ணாவின் தப்பை நான் கண்டுபிடித்தேன் என்று அவனுக்கு எழுதலாமா? வேண்டாம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

ஜூலை 16

ஆடி பிறந்துவிட்டது. பிசிக்ஸ், பிசிக்ஸ், பிசிக்ஸ்.

ஜூலை 21

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் லக்ஷணா இன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள், அவள் அப்பாவுக்கு வருஷம் முடிகிறது, அடுத்த திங்கட்கிழமை முதல் ஸ்ராத்தம் என்று. ஆடி தேய்பிறை தசமி. புனேயில் வேலை பார்க்கும் அவள் அண்ணா கோவர்தன் ஞாயிறு ராத்திரி வந்து சேர்கிறானாம்.

"திங்கள்னு யார் சொன்னா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"உதயகுமார் மெசேஜ்தான். வாத்தியார் ஸ்வாமிக்கும் அதேதான் வந்திருக்கு."

உதயகுமார் அண்ணா எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் குடும்பம். யார் வீட்டில் என்ன திதி என்று பதிந்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னாலேயே செல்போனுக்கு மெசேஜ் அனுப்புவார். சடங்கு பண்ணிவைக்கும் வாத்தியார்களுக்குத் தினமும் மறுநாள் திதியும் போகும். எல்லாம் அண்ணாவின் பக்கத்திலிருந்து எடுப்பதுதான். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று குப்புசாமி வாத்தியாரே சொல்வார்.

லக்ஷணா வாயால் அந்த மெசேஜைப் பற்றிக் கேட்டபோது, அது என் கை பட்ட பக்கம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

நல்லவேளை சொல்லவில்லை, சொன்னால் அப்பா காதுக்குப் போயிருக்கும்.

ஜூலை 28

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

லக்ஷணா பள்ளிக்கு வரவில்லை. ஸ்ராத்தம், வரமாட்டாள் என்று தெரியும். சாயங்காலம் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

எல்லாம் நன்றாக முடிந்து, இலையில் உட்கார்ந்த ஸ்வாமிகளில் ஒருவர் நாளை ஏகாதசியாயிற்றே, மறுநாள் விரதம் முடிக்கும் பாரணை எத்தனை மணிக்கு என்று பார்க்கப் பஞ்சாங்கத்தைப் பிரித்திருக்கிறார். பிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டாராம். "தசமி நேத்து மத்தியானமே வந்துடுத்தே? இன்னிக்குக் கார்த்தாலயே முடிஞ்சுபோச்சே? எதுக்கு இன்னிக்குப் பண்ணினேள்?"

நாமகிரி மாமி — லக்ஷணாவின் அம்மா — அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். கோவர்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நேத்து நான் குண்டக்கல் ஸ்டேஷன்ல வெங்காய வடை வாங்கித் தின்னேம்மா. அப்பாவோட நாள்ல" என்றானாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

இனி அடுத்த அமாவாசைக்குத்தான் செய்ய வேண்டும். ஆடி அமாவாசை இந்த வெள்ளிக்கிழமையே வருகிறது, ஆனால் அன்று சாயங்காலம் சூரிய கிரகணம், ஸ்வாமிகளுக்குச் சாப்பாடு போட முடியாது. அதற்கடுத்ததற்குக் கோவர்தனுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "காலண்டர்ல போட்டிருக்கறது சூரியோதயத்துல இருக்கற திதி. விரதத்துக்கெல்லாம் அது சரி. ஸ்ராத்தத்துக்கு மத்தியானத்துக்கு மேல எது இருக்கோ அதுதான் திதி. தறி நெய்யற பையனுக்கு அது எங்கேர்ந்து தெரியும்? மிஷின்ல தட்டினா ஆச்சா?"



எனக்கும் தெரியாதே அப்பா. உங்கள் பெண்ணுக்கே தெரியாதே.

13.30. அண்ணா எதையும் குழப்பவில்லை.

ஜூலை 29

ஒருவேளை வேறு காரணம் இருக்குமோ என்று நூறு தடவை யோசித்தேன். இல்லை. நான்தான்.

பெயரை மாற்றவில்லை. உள்ளே இருந்ததை மாற்றினேன். பெயரை மாற்றியிருந்தால்கூட உதயகுமார் அண்ணாவின் புரோகிராம் அந்த நிமிஷமே நின்றுபோயிருக்கும். என்னடா என்று பார்த்திருப்பார். இப்போது ஒன்றும் நிற்கவில்லை. கேட்டார், பதில் வந்தது, அனுப்பினார். எல்லாம் ஒழுங்காக நடந்தது — தப்பாக.

பக்கத்துக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. உதயகுமார் அண்ணா எழுதியது.

"ஸ்ரீகர் தம்பி, உங்க பக்கம் ஏதாச்சும் மாத்தினீங்களா? இங்க ஒரு வீட்ல பெரிய பிரச்சினை ஆயிடுச்சி. எனக்கு எதுவும் புரியல."

அம்மா கீழே பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். பதில் அடித்தேன்: "எந்தப் பெயரும் மாறவில்லை. எல்லாம் பழையபடிதான் இருக்கிறது. ஸ்ரீகர்."

அனுப்பிவிட்டேன்.

முதல் வரி பொய் இல்லை. அதற்காகத்தான் அப்படி எழுதினேன். இரண்டாவது வரி? கீழே போட்ட பெயர்?

ஜூலை 30

லக்ஷணா வந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் பேனாவுக்கு மை போடுவது போல எதையோ செய்துகொண்டிருந்தேன்.

"அந்த உதயகுமார் நேத்து ஆத்து வாசல்ல வந்து நின்னான்டீ. தப்பு என்னோடதுதான்மா, என் புரோகிராம்லதான் ஏதோ இருக்குது, கண்டுபுடிச்சிட்டேன், இனிமே வராதுன்னு கையெடுத்துக் கும்பிட்டான். சித்தப்பா அவனை உள்ளயே விடலை. உனக்கு எதுக்குடா எங்க திதி, போய்த் தறியில உட்காருன்னுட்டார்."

"அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்? எங்கப்பா நாளை அவன்தானே கெடுத்தான்?"

அவன் கெடுக்கலடீ. அவன் கெடுக்கல. நான் உன் பக்கத்துலதான் உட்கார்ந்திண்டிருக்கேன், பாரு, என்னைப் பாரு. இதை வாயைத் திறந்து சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடிக்காவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

உதயகுமார் அண்ணா ஏழெட்டு வீடுகளுக்கு இப்படிப் போய் நின்றாராம். நான் எழுதின பதிலை நம்பி, தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டியிருக்கிறார்.

சாயங்காலம் கோயில் மணி கேட்டதும் ஓடிப்போய் 6.00-ஐ மறுபடி 13.30 ஆக்கினேன். பழையபடி. இனி யாருக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அப்பாடா.

ஆகஸ்ட் 1

கிரகணம் என்று ஸ்கூலை மத்தியானமே விட்டார்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர்ப் பானையில் தர்ப்பை. பெருமாள் கோயில் நடை சாத்தியாயிற்று. எல்லாரும் ஜபம் செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் மாடிக்குப் போய்விட்டேன். கிரகண நேரத்தில் செய்யக்கூடாதது என்ன என்று ஒரு பட்டியலே அம்மா சொன்னாள். கம்ப்யூட்டர் அதில் இல்லை.

பரசுராமன் எழுதியிருக்கிறார். கோபமாக. "நாங்க மன்றத்துல எல்லாரும் 29 விரதம் இருந்தோம். இப்ப பாத்தா உங்க பக்கத்துல மறுபடியும் 28-ன்னு காட்டுது. எதுதாம்பா நெசம்? சொல்லிட்டு மாத்துங்க."

திருப்பி வைத்தால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். நடுவில் வந்து என்னை நம்பியவர் ஒருவர் இருக்கிறார் என்பதே மறந்துபோனது. அவருக்குச் சூரிய உதயம் வேண்டும். உதயகுமார் அண்ணாவுக்கு மத்தியானம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேருக்கும் எப்படிக் கொடுப்பேன்?

பதில் போடவில்லை. கிரகணம் சூரியனைக் கொஞ்சம்தான் கடித்தது. வெளிச்சம் மட்டும் ஒரு மாதிரி பழுப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 2

நானே கண்ணால் பார்த்தேன்.

மேத்ஸ் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க அம்மா உதயகுமார் அண்ணா கடைக்குத்தான் அனுப்பினாள். வேறு கடைக்குப் போகிறேன் என்றால் ஏன் என்று கேட்பாள். போனேன். நான் தாளைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது குப்புசாமி வாத்தியார் சைக்கிளை நிறுத்தினார். கூட லக்ஷணாவின் சித்தப்பா.

"என்னப்பா உதயகுமார்! அன்னிக்கு ஒரு நாள் பின்னாடி போச்சு, இன்னிக்கு ஒரு நாள் முன்னாடி வந்துடுத்து. உன் மிஷின் என்ன ஊஞ்சலா ஆடறது?"

உதயகுமார் அண்ணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னா ஸ்வாமி, என்னா ஆச்சி?"

"இன்னிக்குத் திருதியைன்னு நேத்து மெசேஜ் அனுப்பினியோல்லியோ? இன்னிக்கு த்விதீயைப்பா. திருதியை நாளைக்கு. சன்னதித் தெருவுல ஒருத்தர் ஆத்துல அடுப்பே மூட்டிட்டா. நல்லவேளை, நான் இப்பல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டுத்தான் செருப்பையே மாட்டறது."

"இல்ல ஸ்வாமி, மூணு நாளா நல்லாத்தான் வந்துக்கினு இருந்துச்சி. நானே ஒண்ணு சேத்தேன். திதி மத்தியானத்துக்கு முன்னாடி முடிஞ்சிட்டா அடுத்த திதிய எடுத்துக்கோன்னு எழுதி வெச்சேன். அதுக்கு மேல..."

"சேர்த்தானாம்!" சித்தப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். "இவன் சேர்ப்பான், இவன் எடுப்பான். பட்டுப் புடவைன்னு நினைச்சுண்டான் போல, பிரிச்சுப் பிரிச்சுக் கோக்கறதுக்கு. உங்களுக்கெல்லாம் இது எதுக்குப்பா?"

உதயகுமார் அண்ணா ஜெராக்ஸ் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கும் திதி வருது சார்."

வாத்தியார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "என் நம்பரை எடுத்துடுப்பா. கோவிச்சுக்காதே" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் திருப்பி வைத்தேன். அதற்கு முன்பே அவர் தன் புரோகிராமில் ஒரு திருத்தம் போட்டுவிட்டார். காலைத் திதியை மத்தியானத் திதியாக நான் தள்ளினேன், அவரும் தள்ளினார். நாளைக் காலை முடியும் திதிக்கும் பக்கம் மணியை மட்டும்தான் கொடுக்கும்; அதை இன்றே முடிந்ததாக அவர் புரோகிராம் எடுத்துக்கொண்டது. இரண்டு தள்ளு. யாருக்கும் தெரியாமல் சரி செய்தேன் பாருங்கள், அந்தச் சரியே இன்று அவரைத் தெருவில் நிறுத்திவிட்டது.

"இந்தாம்மா" என்று நோட்ஸைக் கொடுத்தார். தாளெல்லாம் தலைகீழாக அடுக்கியிருந்தது. எப்போதும் ஒழுங்காகத் தட்டி அடுக்கித்தான் கொடுப்பார்.

ஆகஸ்ட் 3

சொல்லிவிட்டேன். ஒருவருக்கு.

ஞாயிறு, கடை பாதி ஷட்டர். கண்ணாடியில் ஒட்டியிருந்த 'திதி அறிவிப்பு' போஸ்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"லீவும்மா. ஜெராக்ஸ் நாளிக்கு."

"ஜெராக்ஸ் இல்லண்ணா. அந்தப் பக்கத்தை மாத்தினது நான்."

"எந்தப் பக்கம்?"

"எங்க அண்ணாவோடது. திதி வர்ற நேரத்தை மாத்தினேன். அப்புறம் திருப்பி வெச்சேன். உங்க புரோகிராம்ல தப்பே இல்ல."

சுரண்டுவதை நிறுத்தினார். "நான் எழுதிக் கேட்டேனேமா. எதுவும் மாறலன்னு ஸ்ரீகர் பதில் போட்டாரே."

"அது நான் போட்டது."

திட்டியிருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு நாளு தூங்காம என் புரோகிராம வரி வரியா பாத்தேன். தப்பே இல்லாத எடத்துல தப்பு தேடினா எப்பிடி இருக்கும் தெரியுமா? நமக்கு மூளையே இல்லியோன்னு ஆயிடும்."

நான் அழ ஆரம்பித்தேன். "இப்பவே போய் மாத்திடறேண்ணா—"

"ஐயோ, மாத்தாத!" எழுந்தே விட்டார். "அம்மா தாயே, இப்ப என்னா இருக்குதோ அப்பிடியே வெய்யி. நான் என்னுத எடுத்துட்றேன். இனிமே கை வெக்கறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிட்டு வெய்யி. அந்தப் பக்கத்த எத்தினி பேரு நம்பிக்கினு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க அண்ணனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதாம்மா சொல்றேன்."

கிளம்பும்போது, என் பேரை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் கேட்டேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

தலையை ஆட்டினார். "நான் சொன்னா எங்க தெருவுல நம்புவாங்க. உங்க தெருவுல? தப்பையும் பண்ணிட்டு பழிய ஒரு படிக்கிற பொண்ணு மேல போடறான்னுவாங்க. நான் சொல்லமாட்டேன்மா."

அப்புறம், போஸ்டரின் மிச்சத்தைச் சுரண்டிக்கொண்டே: "நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் வேஷ்டியை விலக்கினேன். அப்பா கூடத்தில்தான் இருந்தார். கோயிலுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. அவர் மாடிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

'திதி' பழையபடி மத்தியானக் கணக்கு. அதை இனி யாரும் தொடக்கூடாது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். காலைக் கணக்குக்குத் தனியாக 'உதயதிதி' என்று புதுப் பெயர் ஒன்று சேர்த்தேன். எத்தனை சின்ன வேலை! ஜூலை நாலாம் தேதியே இதைச் செய்திருக்கலாம். புதுசா ஒண்ணு சேர்த்துக்கோ என்று அண்ணா சொன்னது இதைத்தான்.

பிறகு, இதுவரை பக்கத்துக்கு எழுதியவர்கள் எல்லாருக்கும் மெயில். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தப்பான திதி போனது, இப்போது என்ன இருக்கிறது, ஏகாதசி வேண்டுமானால் எந்தப் பெயரைக் கேட்க வேண்டும். இதுவரை யாருக்கும் தெரியாமல் மாற்றியது என் தவறு என்று. கீழே 'ஸ்ரீகர்' என்று அடித்துவிட்டு அழித்தேன். 'மானஸா' என்று போட்டேன். எழுதியவர்களின் முகவரிதான் என்னிடம் இருக்கிறது. எழுதாதவர்கள்? இந்த ஜூலையில் இன்னும் எந்த வீட்டில், எந்த ஊரில், யார் தப்பான நாளில் எள்ளும் தண்ணீரும் விட்டார்களோ. அவர்களுக்கு நான் சொல்லவே முடியாது.

அண்ணாவுக்கும் ஒரு காப்பி, அவன் பெயரில் பதில் போட்டதையும் சேர்த்து எழுதி.

ஆகஸ்ட் 4

அண்ணாவின் பதில் காலையிலேயே வந்துவிட்டது. "பழைய திதியை அப்படியே விட்டியா? சரி. என் பேர்ல பொய் எழுதினதுக்கு நான் அங்க வந்து பேசறேன். அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

யாருமே சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் லக்ஷணாவிடம் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. பரசுராமன், ஏகாதசி, 6.00, 13.30 என்று உளறினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"புதன்கிழமை என் பக்கத்துல உட்கார்ந்திண்டு எல்லாத்தையும் கேட்டுண்டுதானே இருந்தே?"

"ஆமா."

"உதயகுமாரை சித்தப்பா என்ன சொன்னார்னு நான் சொன்னப்போ?"

"ஆமாம்டீ."

சைக்கிள் பூட்டை அவளால் திறக்க முடியவில்லை. நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டாள், ஏறவில்லை.

இப்போது மாடி அறையில். விளக்கு போட்டாயிற்று. அப்பாவிடம் சாப்பிடும்போது சொல்வது என்று தீர்மானம். எப்படி ஆரம்பிப்பது? "அப்பா, அந்த வேஷ்டியை நான்..." இல்லை. "அப்பா, தறி நெய்யறவனுக்கு எங்கேர்ந்து தெரியும்னு சொன்னேளே..." அதுதான் சரி. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கீழே அப்பாவின் போன் கூவுகிறது. மெசேஜ். "இவன் இன்னும் நிறுத்தலையா?" என்கிறார். பஞ்சாங்கம் புரட்டும் சத்தம். "சரியாத்தான் போட்டிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்கிறார்.

உதயகுமார் அண்ணா மறுபடி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்! எத்தனை பேர் நம்பரை எடுத்துவிட்டார்களோ, மிச்சம் இருக்கிறவர்களுக்கு.

வாசலில் யாரோ. அம்மாவின் குரல்: "வாங்கோ மாமி, என்ன இந்த நேரத்துல? லக்ஷணாவும் வந்திருக்காளே. உள்ள வாங்கோ."

நாமகிரி மாமி எதையோ சொல்கிறாள், மெதுவாக; என் பெயர் மட்டும் கேட்கிறது. அப்பா பஞ்சாங்கத்தை மூடி வைக்கும் சத்தம்.

மாடிப்படியில் காலடி. ஒருத்தி மட்டும்தான் ஏறி வருகிறாள். இரண்டு இரண்டு படியாக ஏறுகிறவள், இன்று ஒவ்வொன்றாக.

தட்டுகிறாள். தாழ்ப்பாள் நான்தான் போட்டேன்.

மறுபடி தட்டுகிறாள். "மானு" என்கிறாள்.

இதோ